சாவி யார் வீட்டில் இருக்கிறது?

(கிராமங்களில் படிப்பகம் நடத்தும் தோழர்கள் கள்ளக்குறிச்சியில் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)



படிப்பகம் தொடங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். தொடங்குவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஏப்ரல் 14 வருகிறது. யாரோ ஒருவர் அறை தருகிறார். ஆளுக்குப் பத்துப் புத்தகம் கொண்டு வருகிறோம். நீலக் கொடி கட்டி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்துப் போடுகிறோம். ஆடி மாதம் போய்ப் பார்த்தால் பூட்டுத் தொங்குகிறது. இந்த மாவட்டத்தில் அப்படித் திறந்து மூடிய இரண்டு படிப்பகங்களின் திறப்பு விழாவில் நானே வாழ்த்துரை வழங்கியிருக்கிறேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

அதனால் வேறொன்றைப் பேசுகிறேன். எங்கள் காலனியில் ஒரு படிப்பகம் 2019-லிருந்து நடக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே வருடம். சாயங்காலம் ஐந்தரைக்குத் திறக்கிறது, எட்டரைக்கு மூடுகிறது. அப்படித் திறந்து மூட என்ன ஆகிறது, எவ்வளவு ஆகிறது என்பதைச் சொல்கிறேன். அது இன்னும் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்பதும் இதில் இருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு நூலகம். 2006-லிருந்து 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 12,618 ஊராட்சிகள், ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய், ஒவ்வொன்றிலும் கட்டாயம் ஒரு நூலகம். உலகத்தில் எத்தனை அரசுகள் இப்படி ஒரே திட்டத்தில் ஊருக்கு ஊர் நூலகம் கட்டியிருக்கும் என்று தெரியவில்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊராட்சியிலும் கட்டினார்கள். ஊர்த்தெருவில் கட்டினார்கள். அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

கட்டிடம் வந்தது, ரேக் வந்தது, கட்டுக்கட்டாகப் புத்தகம் வந்தது. ஆனால் நாளெல்லாம் உட்கார ஆள் இல்லை. சொற்ப மதிப்பூதியத்துக்கு யார் உட்காருவார்கள்? எனவே சாவி ஒரு 'பொறுப்பான' வீட்டுக்குப் போனது. பொறுப்பான வீடு எது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டு நிலத்தில் என் அப்பா கரும்பு வெட்டினார். நாங்கள் தெருவில் நின்று, "லைப்ரரி சாவி வேணுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். திண்ணையில் ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஏறமாட்டோம் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உள்ளேயிருந்து "அப்புறம் வா" என்று பதில் வரும். மூன்று முறை போனேன். நான்காவது முறை போகவில்லை.

நூலகத்தின் சுவரில் 'அனைவரும் வருக' என்று எழுதியிருந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட ஒரு சொல் கிடையாது, ஒரு செயல் கிடையாது. ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான். நூலகத்தில் ஆள் இல்லை, நிதி இல்லை என்று நாம் பேசும்போது அதைச் சாதிக்குச் சம்பந்தமில்லாத நிர்வாகப் பிரச்சினை போலப் பேசுகிறோம். சம்பளத்துக்கு ஓர் ஆள் இல்லையென்றால் பொதுச் சொத்தின் சாவி பெரிய வீட்டுக்குப் போகும். ஊரில் அதற்கு வேறு வழியே தெரியாது.

சரி, எங்கள் படிப்பகத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் தொகுப்பு வீடு சும்மா கிடந்தது. அதில் முன்னறையைக் கேட்டு வாங்கினோம். இரண்டு மர ரேக், ஒரு பழைய பீரோ, பாய்கள், ஒரு டியூப்லைட், சுமார் 900 புத்தகம்.

முதல் ஒன்றரை வருடம் அதைக் கெடுத்தவன் நான்தான். ஆய்வு மாணவன் இல்லையா, பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்ததையெல்லாம் கொண்டு வந்தேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண், அட்டை, திரும்பத் தர வேண்டிய தேதி, தவறினால் அபராதம். அம்பேத்கர் நூல் தொகுப்பின் 37 தொகுதிகளையும் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் வைத்துப் பூட்டினேன். அது காணாமல் போய்விடக் கூடாதாம். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும் என்று விதி போட்டேன். ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி கையை விரித்துக் காட்டி, "சுத்தமாத்தாண்ணா இருக்கு" என்றாள். "பரவாயில்ல, கழுவிட்டு வா" என்றேன். கழுவினாள். மறுநாள் வரவில்லை. என்ன செய்தேன் என்பது எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. உறைத்தபோது வாளியை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் அதற்குப் பிறகும் வரவில்லை.

நான் சென்னையில் இருந்தால் படிப்பகம் மூடியிருக்கும், ஊருக்கு வந்தால் திறந்திருக்கும். சாவி என்னிடம் இருந்தது. ஊர்த்தெரு வீட்டின் இடத்தில் நான். கட்டணமில்லாத திண்ணை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கானது என்பது. நூலகவியல் படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். அந்த ஒரு விதியிலிருந்து அவர் எதையெல்லாம் பேசுகிறார் என்று பார்த்தால், நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் திறக்கிறது, நாற்காலி எப்படி இருக்கிறது, உள்ளே இருக்கும் ஆள் எப்படிப்பட்டவர் என்றுதான் போகிறார். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டி சேரிக்குள் போனதா, தெருமுனையில் நின்றதா என்று நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். நூலக வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

எங்கள் படிப்பகத்தை மாற்றியது ஒரு அக்கா. பத்தாவது வரை படித்தவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள், "நீ இல்லாதப்ப நான் தொறக்கறேன், ஆனா சும்மா தொறக்க மாட்டேன்" என்றார். எனக்கு முதலில் வருத்தம். இயக்க வேலைக்குக் கூலி கேட்கிறாரே என்று. பிறகு யோசித்தேன். ஜாகிர்தார் காலத்துக் கல்வராயன் மலையில் மக்களிடம் வாங்கப்பட்ட கூலியில்லா வேலையைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்கள். 1976 ஜூன் 25-இல்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. அந்தத் தேதிவரை மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தாரின் நிலத்தில் சும்மா உழைத்ததைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறவன், தன் காலனியில் ஒரு பெண் மூன்று மணி நேரம் சும்மா உழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான்.

அன்றிலிருந்து மாதம் 3,500 ரூபாய். குறைவுதான். நாளிதழ் இரண்டு, கரண்ட் பில், துடைப்பம், நோட்டு எல்லாம் சேர்த்தால் மாதம் ஐயாயிரத்துக்குள் முடிகிறது. புத்தகம் வாங்குவதற்கு என்று அதில் ஒரு ரூபாய் இல்லை. பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது. நான் உறுதியாகச் சொல்கிறேன்: கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால் முதலில் ஆளுக்குக் கொடுங்கள், பிறகு வெளிச்சத்துக்கு, பிறகு நாளிதழுக்கு. 900 புத்தகம் திறந்திருக்கும் அறையில் தீராது. பத்தாயிரம் புத்தகம் பூட்டிய அறையில் கரையானுக்குத்தான்.

நன்கொடையாக வரும் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வழிகாட்டி நூல்கள், 2011 பாடத்திட்டம், ஆன்மிக மாத இதழ், கல்யாணத்தில் கொடுத்த சமையல் புத்தகம் என்று மூட்டை மூட்டையாக வருகிறது. தங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்வதைக் கல்விப் பணி என்று நினைக்கிறவர்கள் அதிகம். நாங்கள் பிரித்துப் பார்த்து, வேண்டாததை எடைக்குப் போட்டு, அந்தக் காசில் நோட்டு வாங்குகிறோம். புத்தகத்தை எடைக்குப் போடலாமா என்று ஒரு தோழர் என்னிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டார். அந்த மூட்டைகளை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அக்கா வந்த பிறகு என் அட்டைகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டார். ஒரே நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம், மேலே பெயர், கீழே எடுத்துப்போன புத்தகம். அபராதம் கிடையாது. என் முறையில் நோட்டைப் பார்த்தால் எந்தப் புத்தகம் வரவில்லை என்று தெரியும். அவர் முறையில் எந்தப் பிள்ளை வரவில்லை என்று தெரிகிறது. இரண்டு வாரம் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். அப்படிப் போய்த்தான் ஒரு பையன் செங்கல் சூளைக்குப் போய்விட்டதும், ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் தெரியவந்தது. பையனைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. அந்தப் பெண் விஷயத்தில் முடியவில்லை.

பீரோவும் திறந்துவிட்டார். தொகுதிகள் இரண்டு காணாமல் போயின. நான் கோபப்பட்டேன். 1917-இல் லண்டனிலிருந்து திரும்பும்போது அம்பேத்கர் தனியாகக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் நீர்மூழ்கித் தாக்குதலில் கடலோடு போன கதையை அவருக்கு நான்தான் முன்பு சொல்லியிருந்தேன். அதையே என்னிடம் திருப்பிச் சொன்னார்: "அவருக்கு அத்தன போச்சு, ஒனக்கு ரெண்டு. விடு."

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குரூப் 4 தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கும் இளைஞர்கள் ஏழு மணிக்கு வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் சின்னப் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். தேர்வு எழுதுகிறவர்களைப் போகச் சொல்ல முடியாது, காலனியில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் நான்கு குடும்பம் நிமிரும். பிள்ளைகளின் சத்தத்தையும் அடக்கக் கூடாது. ஏழு மணி வரை பிள்ளைகள், பிறகு பெரியவர்கள் என்று ஒப்புக்கு ஒரு ஏற்பாடு. தினமும் சண்டை நடக்கிறது. பெண்கள் வருவது வேறு காரணத்துக்கு: முதியோர் உதவித்தொகை மனு, சாதிச் சான்றிதழ், வங்கிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க. இது நூலக வேலையா என்று முதலில் சந்தேகப்பட்டேன். இப்போது சந்தேகமில்லை.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் நம் மக்கள், கூலி வேலை செய்தவர்கள். அதற்குப் பிறகு, நூலகம் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டேன். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். மூட்டை தூக்கி முதுகு போனவர் படிக்கவில்லை என்பதால் சாகவில்லை. விற்றவன் இருந்தான், விற்கவிட்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சாவுகளைக் காட்டிப் படிப்பகத்துக்கு நிதி கேட்க மாட்டேன்.

அந்தச் சாவுகளை ஒட்டித்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் அப்போதுதான் வெள்ளிமலைக்கு வழி கேட்டார்கள்.

ஆய்வுக்காக நான் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கித்தான் பையில் முப்பது புத்தகம் எடுத்துப்போவேன். ஒரு குக்கிராமத்தில் சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர் தன் வீட்டில் அதை வைத்துக்கொள்கிறார். தரையில் வைத்தால் ஈரம், மேலே வைத்தால் எலி. கடைசியில் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். எங்கள் விதிப்படி புத்தகத்தைப் பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும். ஆனால் அங்கே மிளகு பறிக்கவும் காப்பிக்கொட்டை பறிக்கவும் குடும்பத்தோடு கேரளாவுக்கும் குடகுக்கும் போகிறார்கள், பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். புத்தகமும் போகிறது. எனவே அந்தப் பைக்குக் கெடு தேதி கிடையாது. ஊருக்குத் திரும்பும்போது தந்தால் போதும். ஐந்து மாதம் கழித்துக் கதைப் புத்தகம் ஒன்று குடகிலிருந்து அட்டையில்லாமல் திரும்பி வந்தது. பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது 2006 வன உரிமைச் சட்டம் பற்றிய சிறு நூல். அதை நான்கு முறை நகலெடுத்துவிட்டோம்.

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் இடமலக்குடியில் முதுவான் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் சின்னத்தம்பி என்ற முதியவர் மண்சுவர் டீக்கடையில் நூலகம் நடத்தியதைப் பி.சாய்நாத் 2014-இல் எழுதினார். 160 புத்தகம். 2013-இல் 37 முறை புத்தகம் வெளியே போனதாகப் பதிவேட்டில் இருந்தது. அதைப் படித்து நெகிழ்கிறவர்கள் அதிகம். நானும் நெகிழ்ந்தேன். ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவர் டீ விற்ற காசில் அரசின் வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதும் அதே செய்தியில் இருக்கிறது.

அரசின் வேலை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் நம்முடையது, 1948. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள், ரூபாய்க்குப் பத்துப் பைசா. உங்கள் வீட்டு ரசீதைப் பாருங்கள், இருக்கும். காலனி மக்களும் கட்டுகிறோம், மலையில் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். சென்னை நகரத்துக்குத் தனி ஆணைக்குழு, மாவட்டத்துக்கு ஒன்று. கட்டிடங்கள் உயர்ந்த நகரத்தில் வரியும் உயரும், நூலகமும் உயரும். குடிசையும் தொகுப்பு வீடும் நிறைந்த இடத்தில் வரி எவ்வளவு வந்துவிடும்? 1948-இல் யாருக்கு வீடு இருந்ததோ அவர்களைக் கணக்கில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டிலும் நாள் கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறேன், என் ஆய்வில் பாதி அங்கே எழுதியது. அவை வேண்டும். அதோடு ஊராட்சி நூலகத்தில் உட்காரும் ஆளுக்கு மாதச் சம்பளமும் வேண்டும். அந்த ஆள் சேரியிலிருந்தும் வர வேண்டும், மலைக் குக்கிராமத்திலிருந்தும் வர வேண்டும், முடிந்தவரை பெண்ணாக இருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகங்களின் சாவி எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டும். கேட்டுத் தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். எங்கள் ஊராட்சியில் இரண்டு முறை கேட்டோம். முதல் முறை சிரித்தார்கள். இரண்டாவது முறை எழுதிக்கொண்டார்கள். நடவடிக்கை இன்னும் இல்லை.

அரசு தரும்வரை என்ன செய்வது? இங்கேதான் நம்மைப் பற்றியும் பேச வேண்டும். சிலைக்கு வசூல் செய்தால் ஒரு வாரத்தில் லட்சம் சேருகிறது. எங்கள் காலனியிலேயே சேர்ந்தது, நானும் கொடுத்தேன், தவறென்று சொல்லவில்லை. அந்தச் சிலையின் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதே தெருவில் மாதம் ஐயாயிரத்துக்கு ஆறு வருடமாக ஒரே ஆள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறான். அதுவும் தன் பெல்லோஷிப்பிலிருந்து. பெல்லோஷிப் மூன்று நான்கு மாதம் வராமல் போனபோதெல்லாம் அக்காவுக்குக் கடன் சொன்னேன். அவர் கணக்கு எழுதி வைத்திருந்து வட்டியில்லாமல் வாங்கிக்கொண்டார்.

வருகிற மார்ச்சோடு என் பெல்லோஷிப் முடிகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வேலை தேட வேண்டும். வேலை எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று இங்கே இருக்கும் முனைவர்களைக் கேட்டால் தெரியும். நான் தனியாளாகக் கட்டியது தியாகம் என்று சிலர் பாராட்டினார்கள். அது ஒரு பிழை. முதல் வருடமே ஐம்பது பேரிடம் நூறு நூறாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கக் கூச்சம், கொஞ்சம் பெருமையும். இப்போது கேட்கிறேன். மாதம் நூறு ரூபாய், ஐம்பது பேர், ஒரு வருடத்துக்கு. வரவு செலவு காலனிப் பெண்கள் ஐந்து பேர் கையில் இருக்கும், என் கையில் இருக்காது. சாவியும் இரண்டு செய்தாகிவிட்டது, இரண்டும் அவர்களிடம்தான்.

அக்கா பின்வரிசையில் அந்த நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கத்தை இதற்கென்று விட்டிருக்கிறார். விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம். மணி நாலாகிறது, நாலேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர் ஐந்தரைக்குத் திறக்க முடியும். மற்ற கேள்விகளை என்னிடம் கேளுங்கள், நான் இருக்கிறேன்.